படுக்கையில் புத்தகம்: தூக்கத்தைக் கெடுக்காத இரவு வாசிப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

இரவு இரண்டே முக்கால். கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டது, தூக்கம் மட்டும் வரவில்லை. பத்தரைக்குச் சாய்ந்து உட்கார்ந்தபோது, பத்துப் பக்கம் படித்தால் தானாகக் கண் சொக்கும் என்றுதான் அந்தத் துப்பறியும் நாவலைப் பிரித்தேன். மறுநாள் அலுவலகத்தில் நாலு வரி மின்னஞ்சலை மூன்று முறை படித்தும் தலையில் ஏறவில்லை.

ஒரே வாரத்தில் இப்படி இரண்டு ராத்திரி போன பிறகுதான் ஒன்று உறைத்தது. படுக்கும் முன் படியுங்கள் என்று சொல்பவர்கள் எல்லாரும் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்கிறார்கள். எப்படி நிறுத்துவது என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. இந்தப் பழக்கத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. கீழே வரும் நேரம், விளக்கு, புத்தகம், தலையணை எல்லாமே புத்தகத்தைச் சிரமமில்லாமல் மூடிவைப்பதற்கான ஏற்பாடுகள்.

உண்மையிலேயே பலன் உண்டா?

அயர்லாந்தில் 2019 டிசம்பரில் பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு இணையம் வழியாக ஒரு சோதனை நடத்தினார்கள். 'மக்கள் சோதனை' என்றே அதற்குப் பெயர். 991 பேர் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைத் தூங்கும் முன் படுக்கையில் புத்தகம் படிக்கச் சொன்னார்கள், இன்னொரு குழுவைப் படிக்க வேண்டாம் என்றார்கள். ஏழு நாள். கடைசிவரை இருந்து பதில் சொன்னவர்களில், படித்த குழுவில் 42 சதவீதம் பேர் தூக்கம் முன்னைவிடப் பரவாயில்லை என்றார்கள். படிக்காத குழுவில் அப்படிச் சொன்னவர்கள் 28 சதவீதம்.

இது அவரவர் வாயால் சொன்ன கணக்கு, தலையில் கருவி மாட்டி அளந்தது இல்லை. படித்தால் தூக்கம் வரும் என்ற நம்பிக்கையே கொஞ்சம் உதவியிருக்கலாம். இருந்தாலும் மாத்திரையும் மருந்தும் இல்லாத ஒரு காரியத்துக்கு இந்த வித்தியாசம் போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எழும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எத்தனை மணிக்குப் படிக்க ஆரம்பிப்பது என்பதைக் காலையிலிருந்து கணக்குப் போட வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. காலை 6 மணிக்கு எழுபவர் என்றால் இரவு 10.30-க்கு விளக்கு அணைய வேண்டும். படுத்ததும் யாரும் தூங்கிவிடுவதில்லை, நடுவில் புரண்டு விழிப்பதும் உண்டு. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த அரை மணி கூடுதல். ஆக, புத்தகம் கைக்கு வர வேண்டிய நேரம் 10 மணி.

இதில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: வாசிப்பைத் தூக்க நேரத்திலிருந்து கடன் வாங்குவார்கள். பத்தரைக்குப் படுக்கிறவர் பத்தரைக்குப் படிக்க ஆரம்பித்தால் அரை மணித் தூக்கம் போனதுதான் மிச்சம். அந்த அரை மணியை அதற்கு முந்தைய பொழுதிலிருந்து, அதாவது டிவி, போன் பக்கமிருந்து பிடுங்குங்கள்.

இன்னொன்று. பல் துலக்குவது, கதவைப் பூட்டுவது, நாளைக்கு வேண்டிய துணியை எடுத்துவைப்பது எல்லாம் படிப்பதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். கண் சொக்கும் நேரத்தில் எழுந்து போய், குளியலறைக் கண்ணாடிக்கு மேலே இருக்கும் வெள்ளை விளக்கின் முன் நின்று பல் துலக்கினால் அதுவரை சேர்த்த தூக்கம் எல்லாம் கலைந்துவிடும்.

தலையில் இருப்பதை முதலில் இறக்கிவையுங்கள்

புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தில் கண் ஓடிக்கொண்டிருக்கும், மனம் மட்டும் 'நாளைக்கு அந்தப் பணத்தைக் கட்ட வேண்டுமே' என்று வேறு பக்கம் நிற்கும். இதற்கு ஒரு சின்ன வழி. படிக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு தாளில் நாளை செய்ய வேண்டியதை எழுதுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து இதை ஆய்வகத்திலேயே அளந்து 2018-ல் வெளியிட்டார்கள். வரப்போகும் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. 'வங்கி' என்று ஒரு சொல் போடாமல் 'காலை 10 மணிக்கு வங்கிக்குப் போன் செய்து அட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும்' என்று எழுதுங்கள்.

போனில் எழுத வேண்டாம். பட்டியலுக்காகத் திறந்த போன் பட்டியலோடு நின்றதாகச் சரித்திரமே இல்லை.

விளக்கு: கொஞ்சம் மெனக்கெட வேண்டிய இடம்

விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர இன்னொரு வகைச் செல்களும் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002-ல்தான் உறுதியானது. பகலா இரவா என்று மூளையில் இருக்கும் உடல் கடிகாரத்துக்குச் சொல்வது இவற்றின் வேலை. இவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு அதிகமாக அசைந்துகொடுக்கும். அந்த ஒளி பட்டால் 'இன்னும் பகல்தான்' என்று செய்தி போகும், மூளையில் உள்ள பீனியல் சுரப்பி, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரப்பது தள்ளிப்போகும்.

2022-ல் இத்துறை வல்லுநர்கள் கூடி ஒரு வரம்பு சொன்னார்கள். படுப்பதற்கு முந்தைய 3 மணி நேரமாவது, கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சம் 10 லக்ஸுக்குள் இருக்க வேண்டும். இந்த லக்ஸ் மேலே சொன்ன செல்கள் உணரும் கணக்கில் அளக்கப்படுவது, எனவே மஞ்சள் விளக்கு இதில் குறைவாகவும் வெள்ளை விளக்கு அதிகமாகவும் காட்டும். வீட்டில் யாரும் கருவி வைத்து அளக்கப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இது கண்ணுக்கு வரும் வெளிச்சத்துக்கான வரம்பு, பக்கத்தின்மேல் விழும் வெளிச்சத்துக்கானது இல்லை. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும், கண்ணில் ஒளி குத்தக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சாதிக்க முடியும்.

எப்படி? மேலே கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டில், தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்ன மேஜை விளக்கு. அதன் மூடி கீழ்நோக்கி இருக்கட்டும். புத்தகத்தைப் பிடித்துப் படிக்கும் நிலையில் தலையை நிமிர்த்திப் பாருங்கள், பல்பு கண்ணில் பட்டால் மூடியை இன்னும் சாய்க்க வேண்டும். பல்பு 2700 கெல்வின் கொண்ட வார்ம் ஒயிட்டாக இருக்கட்டும், பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பார்கள். 6500 கெல்வின் என்று போட்டிருப்பது படிப்பு மேஜைக்கு நல்லது, படுக்கைக்கு வேண்டாம். 4 அல்லது 5 வாட் எல்இடி தாராளம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி விளக்கில் இல்லையென்றால் தூரத்தால் சரிசெய்யலாம். புத்தகத்திலிருந்து விளக்கை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும்.

மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண் கெட்டுவிடும் என்று சின்ன வயதில் எல்லாரும் திட்டு வாங்கியிருப்போம். பெரியவர்களுக்கு அப்படி நிரந்தரக் கெடுதல் எதுவும் வருவதில்லை, கண் களைக்கும், தலை வலிக்கும், அவ்வளவுதான். ஆனாலும் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் அளவுக்கு இருட்டு வேண்டாம். அந்தச் சிரமமே தூக்கத்தை விரட்டும்.

கடைசியாக ஒன்று, அற்பமாகத் தெரியும், ஆனால் இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்: சுவிட்ச் படுத்த நிலையில் கைக்கு எட்ட வேண்டும். அறையின் மறுகோடிக்கு நடந்துபோய் அணைக்க வேண்டுமென்றால், அந்த நாலு அடி நடக்கச் சோம்பல்பட்டே இன்னும் பத்துப் பக்கம் படிப்போம்.

காகிதமா, திரையா?

பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 2014 டிசம்பரில் வெளியானது. 12 பேர், ஐந்து இரவுகள் ஒளிரும் டேப்லெட்டிலும் ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படித்தார்கள். டேப்லெட்டில் படித்த நாட்களில் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆனது, மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது, மறுநாள் அது சுரக்கத் தொடங்கும் நேரம் ஒன்றரை மணி தள்ளிப்போனது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் படித்தது தினமும் 4 மணி நேரம், அதுவும் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து. நீங்கள் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து இருபது நிமிடம் படிப்பதும் அதுவும் ஒன்றாகாது.

போனைப் பொறுத்தவரை என் பயம் ஒளியைவிட அதில் வரும் செய்திகள்தான். கதையின் நடுவே மேலிருந்து ஒரு அறிவிப்பு எட்டிப் பார்க்கும், 'என்னன்னு பார்த்துட்டு வந்துடலாம்' என்று விரல் போகும், அப்புறம் கதையாவது ஒன்றாவது. வேறு வழியில்லாமல் போனில்தான் படிக்க வேண்டும் என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள், கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்தாக மாற்றுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். மஞ்சள் வடிகட்டியை மட்டும் போட்டுவிட்டுத் திரையைப் பளீரென்று வைத்திருப்பதில் பெரிய பயனில்லை.

கிண்டில் மாதிரியான மின்மை வாசிப்பான்கள் இரண்டுக்கும் நடுவில். அவற்றின் திரை தானாக ஒளிராது, பக்கவாட்டிலிருந்து திரைமேல் ஒளி பரவும். அந்த ஒளியை அணைத்துவிட்டு மேஜை விளக்கில் படித்தால் காகிதத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கேட்கும் புத்தகமும் நல்லதே, ஆனால் ஸ்லீப் டைமரை 20 நிமிடத்துக்கு வையுங்கள். இல்லையென்றால் காலையில் எழும்போது கதாநாயகனுக்குப் பேரன் பிறந்திருப்பான்.

இரவுப் புத்தகம் என்று தனியாக ஒன்று

பகலில் ஒரு புத்தகம், இரவில் வேறொன்று. என் துப்பறியும் நாவல் இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மாறிவிட்டது. அங்கே அது யாருக்கும் தொந்தரவு தருவதில்லை.

நல்ல இரவுப் புத்தகம் எப்படி இருக்கும்? பிடித்தமானதாக இருக்க வேண்டும், ஆனால் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. அறவே சலிப்பூட்டும் புத்தகத்தை எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. சலித்தால் மனம் புத்தகத்தை விட்டுவிட்டு மறுபடி கவலைகளைத் தேடிப் போய்விடுகிறது. ஏற்கெனவே படித்து ரசித்த நாவல் நன்றாக ஒத்துவரும். முடிவு தெரியும் என்பதால் அவசரம் இருக்காது, மொழியை மட்டும் சுவைத்துக்கொண்டு போகலாம். பயண நூல், இயற்கையைப் பற்றிய கட்டுரைகள், நாட்குறிப்புகள், கடிதத் தொகுப்புகள், ஆரவாரமில்லாத சிறுகதைகள் எல்லாம் சரி. தனித்தனித் துண்டுகளாக இருப்பது இன்னும் வசதி.

ஆகாதவை: உங்கள் தொழில் சார்ந்த எதுவும், அரசியல், அன்றைய செய்தி, பேய்க்கதை. 'வாழ்க்கையில் முன்னேற' வகைப் புத்தகங்களையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். பத்துப் பக்கம் படித்ததும் நாளை காலை ஐந்து மணிக்கு எழுந்து புது மனிதராக மாற வேண்டும் என்று ஒரு வேகம் வரும், அந்த வேகத்தோடு தூங்க முடியாது.

புத்தகத்தின் உடம்பையும் பாருங்கள். ஒரு கையில் பிடிக்க முடிகிற எடை, விரித்துவைத்தால் விரிந்தே இருக்கும் கட்டு, கொஞ்சம் பெரிய எழுத்து. எண்ணூறு பக்கக் கெட்டி அட்டைப் புத்தகத்தை மல்லாந்து படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, கண் அசந்த கணத்தில் அதன் முனை மூக்கின்மேல் விழுந்த அனுபவம் எனக்கு உண்டு. அன்றைக்கு வந்த தூக்கம் விடியும்வரை திரும்பவில்லை.

படுக்கையிலா, நாற்காலியிலா?

இதில் ஒரு முரண் இருக்கிறது. தூக்கமின்மைக்கு உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் ஒரு முறையை முன்வைத்தார். அதில் படுக்கை தூங்குவதற்கு மட்டுமே. படிப்பது, டிவி பார்ப்பது, யோசிப்பது எதற்கும் அங்கே இடமில்லை. படுக்கை என்றதும் உடம்புக்குத் தூக்கம் ஒன்றுதான் ஞாபகம் வர வேண்டும் என்பது அதன் அடிப்படை. அயர்லாந்துச் சோதனையோ படுக்கையிலேயே படிக்கச் சொன்னது.

நான் இதை இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். விளக்கை அணைத்தால் பத்து இருபது நிமிடத்தில் தூங்கிவிடும் ஆளாக இருந்தால் படுக்கையிலேயே படியுங்கள், ஒன்றும் ஆகாது. படுத்தபடி மணிக்கணக்கில் விழித்திருக்கும் பழக்கம் இருந்தால் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அங்கே படியுங்கள், கண் சொக்கியதும் படுக்கைக்கு மாறுங்கள். நடுராத்திரி விழிப்பு வந்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டாலும் அதே நாற்காலி, அதே மங்கல் விளக்கு, அதே புத்தகம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், ஒரு தோராயக் கணக்கு போதும்.

படுக்கையில் என்றால், முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று, மடியில் ஒன்று. மடித் தலையணையின்மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்தால் கழுத்தும் கையும் தப்பிக்கும். கண்ணாடி போடுபவர்கள் அதன் உறையைத் திறந்தபடி கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியோடு தூங்கிப்போய்க் காம்பை வளைத்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

மூடும் கலை

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். புத்தகத்தைத் திறந்ததும் படிக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் பத்துப் பக்கத்தை முன்னால் புரட்டி, அங்கே புக்மார்க்கைச் செருகுங்கள். இன்று அதுவரைதான். நாம் புக்மார்க்கை வழக்கமாக நிறுத்திய இடத்தில் வைப்போம், இங்கே அதை நிறுத்தப்போகும் இடத்தில் வைக்கிறோம். அலாரம் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். தூங்கப்போகிற நேரத்தில் ஒரு கருவி கத்தினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அந்த இடம் அத்தியாயத்தின் முடிவாக இருக்க வேண்டாம். கதை எழுதுகிறவர்கள் அடுத்ததைப் படிக்க வைக்கத்தான் அத்தியாயத்தை முடிக்கிறார்கள். கதவு தட்டப்படும், கடிதம் வரும், ஒருவர் மயங்கி விழுவார். அத்தியாயத்தின் நடுவில், யாராவது ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

புக்மார்க்குக்கு முன்பே தூக்கம் வந்துவிட்டால் அப்போதே மூடிவிட வேண்டும். ஒரே வரியை இரண்டாம் முறை படிக்கிறீர்களா? பாத்திரத்தின் பெயர் யாருடையது என்று குழம்புகிறதா? பக்கத்தில் இல்லாத ஒரு வாக்கியம் மனதில் ஓடுகிறதா? தூக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். 'இந்தப் பத்தியை மட்டும்' என்று அதைத் தாண்டினால் மறுபடி அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் எல்லாம் ஒரே வரிசையில், தினமும் மாறாமல்: புத்தகம் கீழே, கண்ணாடி உறைக்குள், விளக்கு.

பக்கத்தில் இன்னொருவர் இருந்தால்

உங்களுக்கு முன்பே தூங்குகிறவர் பக்கத்தில் இருந்தால் புத்தகத்திலேயே மாட்டும் சின்ன கிளிப் விளக்கு நல்லது. மஞ்சள் ஒளி தருவதாகப் பார்த்து வாங்குங்கள், நீல வெள்ளையாக எரிபவைதான் அதிகம் கிடைக்கின்றன.

குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தால் எத்தனை கதை என்பதைப் படுக்கைக்கு வரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், எடுத்துக் கையிலும் கொடுத்துவிடுங்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்ற பேரம் இருட்டில் தொடங்கினால் பெரியவர்கள் ஜெயித்ததே இல்லை. கலகலப்பான கதை முதலில், அமைதியானது கடைசியில். கடைசிக் கதையில் குரலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஏற்கெனவே நூறு முறை கேட்ட கதையைத்தான் குழந்தை கேட்கும். கேட்கட்டும், பெரியவர்கள் பழைய நாவலை எடுப்பதும் அதற்காகத்தானே.

முதல் சில வாரங்கள்

முதல் நாலைந்து நாள் ஒரு வித்தியாசமும் தெரியாது. சிலருக்குக் கை போனைத் தேடித் தவிக்கும், அதை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிடுவது உத்தமம். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். வேலை நெருக்கி நேரமான நாளிலும் ஒரு பக்கமாவது படியுங்கள். ஒரே பக்கம்தான் என்றாலும் விளக்கும் இடமும் வரிசையும் அதேதான், உடம்பு பழகுவது அவற்றுக்குத்தான். மூன்றாம் பக்கத்திலேயே தூங்கிவிட்டால் படிக்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், வந்த வேலை முடிந்தது.

புத்தகத்தால் ஆகாத காரியங்களும் உண்டு. வாரத்துக்கு மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தூக்கம் வராமல் பகலும் கெடுகிறது என்றால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைக்கு முன்பே பரிந்துரைக்கப்படும் பேச்சு வழிச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, பூட்சின் சொன்ன முறையும் அதில் ஒரு பகுதி. பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

நேற்று படித்தது மறந்துபோனால்

மறக்கும். தூங்குவதற்குச் சற்று முன் நடப்பது பெரும்பாலும் நினைவில் தங்குவதில்லை, எனவே கடைசி ஒன்றிரண்டு பக்கம் மறுநாள் புதிதாகத்தான் இருக்கும். நேற்று நிறுத்திய இடத்திலிருந்து இரண்டு பக்கம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். பத்துப் பக்கம் போய் இரண்டு பக்கம் திரும்புவது என்ற கணக்கில் என் இரவுப் புத்தகம் ஒன்று முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கையில் இருக்கும் பயண நூலில் ஆள் இன்னும் மலையடிவாரத்தில்தான் நிற்கிறார், கூடாரம் அடித்தாரா இல்லையா என்பதை இன்று பத்து மணிக்குத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.